தாம்பாளக் கித்தார்

சென்ற வாரம் ஸ்ரீபெரும்புதூர் பாத்திரக் கடையில் போய் ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர் கேட்டேன். வீட்டில் ஆறில் ஐந்துதான் இருக்கிறது என்றும் சொன்னேன். ஆறு பேர் வந்தால் ஒருவருக்கு பிளாஸ்டிக் கப்பில் காபி கொடுக்க வேண்டியிருக்கிறது.

"ஒத்தையா வராதுக்கா, செட்டாத்தான் எடுக்கணும்" என்றாள் கடைப் பெண். சரி, பெயராவது வெட்டித் தருவீர்களா என்றேன். மேலும் கீழும் பார்த்தாள். "இப்ப யாருக்கா பேரு வெட்டிக்கினு கீறாங்க? ஆமா, அந்த ஆறாவது இன்னா ஆச்சு?"

சொல்ல வாயெடுத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் வந்துவிட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். குழப்பமாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நானே முப்பது வருஷத்துக்கு மேலாகக் குழம்பிக்கொண்டிருப்பவள்.

தொண்ணூற்றொன்று என்றால் எங்கள் பக்கத்தைப் பற்றி எல்லோருக்கும் அந்தக் குண்டுவெடிப்பு ஒன்றுதான் ஞாபகம் வரும். எனக்கு அதோடு இரும்பு அறுக்கும்போது விடும் கட்டிங் ஆயில் வாசனையும் வரும். அந்த வருஷம்தான் கல்யாணமாகி, ஓரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊருக்கு வந்தேன். புதுப்பெண்ணுக்கென்று ஒதுக்கிய அறையில் பாதியை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸும் டிரில்லிங் மெஷினும் பிடித்துக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. வீட்டுக்கு வந்தும் எதையாவது அறுப்பார், ராவுவார். தலையணையெல்லாம் இரும்புத் தூள். கட்டிக்கொண்டது மனிதரையா பட்டறையையா என்பதுதான் என் முதல் குழப்பம்.

அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் கித்தார் வாசித்தவர். நான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பிரஸ் மெஷினில் அவருடைய இடது கையின் நடு மூன்று விரல்களும் போய்விட்டன. பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். அந்தக் கையைத் துண்டுக்குள் மறைத்தபடியே பேசுவார், சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரமாட்டார். "கித்தாரு இல்லாம அங்க போய் கைய கட்டிக்கினு நிக்கச் சொல்றியா?" என்று மாமியாரிடம் கத்துவார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார். கல்யாண வீட்டின் பந்தல்கூடப் பிரிக்கவில்லை, வீடு சாவு விழுந்த மாதிரி இருந்தது.

அப்போது பட்டணத்திலிருந்து ஒரு பாட்டுக் குழு எங்கள் கோயிலுக்கு வந்தது. அதில் ஒருவர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, "அவரை ஸ்டீல் கித்தார் வாசிக்கச் சொல்லுங்க. அதுக்கு விரலால அழுத்தவே வேணாம்" என்று சொல்லிவிட்டு சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடிக்கப் போய்விட்டார்.

ஸ்டீல் கித்தார் என்றால் என்ன? கேட்க ஆளில்லை. எங்கள் ஊரில் ஸ்டீல் என்றால் எவர்சில்வர் பாத்திரம். இன்னொரு அர்த்தம் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "மரத்துல செஞ்சா அழுத்தணும், ஸ்டீல்ல செஞ்சா அழுத்த வாணாம். அவ்ளோதான் மேட்டரு" என்றார் என் வீட்டுக்காரர். அழுத்தாமல் சுரம் எப்படி மாறும் என்று கேட்டேன். "செஞ்சு பாத்தா தெரிஞ்சிரும்."

செய்தார். பழைய கித்தாரின் கழுத்தையும் கம்பிகளையும் கழற்றினார். உடம்புக்கு? என் சீர்வரிசையில் வந்த பெரிய தாம்பாளங்கள் இரண்டையும் முகத்தோடு முகம் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி ரிவெட் அடித்துவிட்டார்! மேல் தட்டில் டிரில் போட்டு ஓட்டைகள் வேறு.

"இன்னாங்க இது, எம் பேரு வெட்டின தாம்பாளம்!"

"பேரு அடிப்பக்கம்தான் வருது. யாருக்குத் தெரியப் போவுது?"

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. பேசாததை அவர் கவனித்தாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

மூத்தார் வந்து உட்கார்ந்தார். மடியில் நிமிர்த்திப் பிடித்து வலது கையால் மீட்டினார். தகர டப்பாவுக்குள் பல்லி விழுந்த மாதிரி ஒரு சத்தம். இடது கையைத் துண்டிலிருந்து எடுத்தார். அந்தக் கையை அன்றுதான் நான் முழுசாகப் பார்த்தேன். அழுத்தாமல் தொட்டார், தடவினார். சுரம் மாறவே இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது. பழைய கித்தாரும் இல்லை, புதுசும் இல்லை. "வுட்ரா, போதும்" என்று தம்பியிடம் சொல்லி, அதை மல்லாக்க மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

நான் காபியோடு நின்றிருந்தேன். எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. தாம்பாளம்தானே, தாம்பாளத்துக்கு உண்டான வேலையைச் செய்யட்டும் என்று, என் பெயர் வெட்டிய சீர் டம்ளரை அதன் மேலேயே வைத்தேன். அது கம்பிமேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. விழாமல் பிடிக்க மூத்தார் இடது கையைப் போட்டார், பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் டம்ளர் சிக்கியது. வலது கை கம்பியில் பட்டதோ என்னவோ, நீளமாக ஒரு குரல் எழுந்து இழுத்துக்கொண்டே மேலே போனது.

வேட்டியெல்லாம் காபி. அவர் டம்ளரைக் கீழே இழுத்தார். குரல் கீழே இறங்கியது.

"டேய்," என்றார் தம்பியிடம், "ஸ்டீலு கித்தாருல இல்லடா, கையில புடிக்கறதுடா!"

கம்பிக்கு அடியில் ஒரு ஆணியைச் செருகி உயர்த்தியதும் டம்ளர் கித்தார் கழுத்தில் உரசும் இரைச்சல் நின்றது. கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் துண்டு இல்லாமல் முன்வரிசையில் உட்கார்ந்து என் டம்ளரால் வாசித்தார். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அது வழுக்கி வழுக்கிப் போனதில், பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. பாதிப் பேர் முன்னால் ஓடினோம், பாதிப் பேர் பின்னால் வந்தோம். மைக் ரிப்பேர் என்று நினைத்துப் போதகர் அதை அணைத்தார். ஒரு குழந்தை சிரித்தது. மாமியார் அழுதார்.

வெளியே வந்ததும் மூத்தார் என்னிடம் கேட்டார். "நான் வாசிச்சது பாட்டாம்மா, ஒப்பாரியா?"

"தெரியல மாமா."

"எனக்குந்தாம்மா தெரியல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு ஊர்க்காரர்கள் இரண்டு பேர் தாம்பாளத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு கித்தார் செய்யச் சொல்லி வந்தார்கள். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. செய்த மூன்றில் ஒன்றுகூட இன்று இல்லை. பட்டறை இருந்த அறையில் கம்பெனிப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். மூத்தாரும் போய்விட்டார். சவப்பெட்டியை மூடும்போது பார்த்தேன், அந்த இரண்டு விரலுக்கு நடுவில் டம்ளர் இருந்தது. வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டினார்கள். கல்லறையில் மேலே கல்லில் அவர் பெயர், உள்ளே மண்ணில் என் பெயர். கடைப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது?

கோயிலில் இப்போது கீபோர்டு இருக்கிறது. பட்டனைத் தட்டினால் தாளமும் அதுவே போட்டுக்கொள்கிறது. பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது. எல்லோரும் சரியாக ஆரம்பிக்கிறோம்.