சுண்டுவிரலும் ஒரு சோல் பாட்டும்

முதலில் நான் கிதாரைத்தான் சந்தேகித்தேன். சுண்டுவிரல் அழுத்த வேண்டிய தந்தி மட்டும் சுத்தமாகப் பேசாமல் கரகரத்தது. தந்தியை மாற்றினேன், தந்தி ஏறும் கட்டையைச் சீவினேன், கிதார் விற்ற கடைக்காரரையும் மனதாரத் திட்டினேன். தன் விரல்மேல் ஒருவனுக்குச் சந்தேகம் வர நாளாகும்.

அறுபதுகளின் கடைசி அது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளை இறக்கும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கிதார், முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழு. ஆனால் என்னைப் பிடித்து ஆட்டியது வேறு. வானொலியின் சிற்றலையில், இரைச்சலுக்கு நடுவே வந்துபோகும் சோல் இசை (அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் கோயில் பாட்டிலிருந்து வளர்த்தெடுத்தது). அழுகையையும் தாளத்தையும் எப்படி ஒன்றாகப் பிசைந்தார்கள் என்று வியந்துபோவேன். தமிழில் அப்படி ஒரு பாட்டாவது எழுதி வாசித்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எழுதவும் செய்தேன். காதலி பிரிந்துபோனதாக உருகி உருகி எழுதினேன். என் மனைவி ஸ்டெல்லா அரிசி களைந்துகொண்டே கேட்பாள்.

“நான் இங்கதானே குத்துக்கல்லாட்டம் இருக்கேன். யாரு போனான்னு இப்டி அழுவுறீங்க?”

அவள் சொன்னது சரிதான். அந்தப் பாட்டில் இருந்தது இரவல் துக்கம்.

பட்டறையில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. சூளையைத் திறந்ததும் முழுக்க ஆறாத ஃபியூஸ் கட்டையை வெறுங்கையில் எடுத்து யார் அதிக நேரம் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். கொஞ்ச நாளாக நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன், அதுவும் இடது கையால். கூட வேலை செய்த கோவிந்தன்தான் எங்கள் குழுவில் பாங்கோஸ் என்ற இரட்டைக் கைமேளம் வாசிப்பவன். “உனக்கு நெருப்புக் கைய்யா” என்பான். எனக்கும் பெருமையாக இருந்தது. சூளைக்காரனுக்குக் கை காய்க்க வேண்டும், கிதார்க்காரனுக்கு விரல் நுனி காய்க்க வேண்டும். இரண்டு தொழிலிலும் மரத்துப்போவதைத் தேர்ச்சி என்றே நாங்கள் நினைத்தோம். நோய் எனக்குள் குடியேற இதைவிட வசதியான வீடு கிடைத்திருக்காது.

ஒரு நாள் சோறு போடும்போது ஸ்டெல்லா என் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

“ஏங்க, விரலு வெந்து கொப்புளமா இருக்குது. வலிக்கலியா?”

வலிக்கவில்லை. அப்போதுதான் பயந்தேன்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் காட்டினேன்; வடக்கே பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா என் முழங்கைக்குப் பின்னால் தடவிப் பார்த்து, அங்கே ஓடும் நரம்பு தடித்திருப்பதாகச் சொன்னார். பிறகு கண்ணை மூடச் சொன்னார்.

“பஞ்சால தொடுவேன். தொட்டா சொல்லுங்க.”

நான் காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் சுண்டுவிரல் மேல் இருந்தது. பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

தொழுநோய். டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். இது கிருமியால் வருவது, சாபமில்லை. டாப்சோன் (கிருமியை அடக்கும் மாத்திரை) வருடக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். வீட்டிலேயே இருக்கலாம், மனைவியோடு வாழலாம்.

“கிதாரு வாசிக்கலாங்களா?” என்றேன்.

“விரல் மடங்கிப் போனாலும் நிமிர்த்த முடியும். போன உணர்ச்சி திரும்பும்னு சொல்ல மாட்டேன்” என்றார்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் தொழுநோய் என்ற அதே சொல் சொல்லப்பட்டிருக்கலாம். நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் என் தட்டையும் டம்ளரையும் நானே தனியாக எடுத்து வைத்தேன். ஊர் என்னை ஒதுக்குவதற்கு முன்னால் நானே ஒதுங்கிக்கொண்டேன். ஸ்டெல்லா அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து அவள் தட்டின்மேல் அடுக்கினாள். ஆனாலும் அவள் கை பட்டால் நான் விலகிக்கொள்வேன்.

மாத்திரை வேலை செய்தது. ஆனால் அதற்குள் சுண்டுவிரலும் மோதிர விரலும் கொக்கிபோல மடங்கிவிட்டன. அறுவை சிகிச்சையில், நடுவிரலை மடக்கும் இரண்டு தசைநாண்களில் (தசையை எலும்போடு கட்டும் கயிறு) ஒன்றை எடுத்து, மடங்கிய விரல்களுக்குத் திருப்பிவிட்டார்கள். மெழுகு ஒத்தடம், பிறகு பயிற்சி. சுண்டுவிரல் அசைய வேண்டுமென்றால் நடுவிரலை மடக்குவதாக நினைக்க வேண்டும். வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டி நம் வீட்டு ஆளைக் கூப்பிடுவது மாதிரி இருந்தது. ஒரு காலையில் சுண்டுவிரல் வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

சூளை வேலை போயிற்று. பட்டறையிலேயே ஆறிய கோப்பைகளுக்குக் கோடு வரையும் வேலைக்கு மாறினேன். கிதாரை எடுத்தபோது விரல் தந்திக்குப் போனது, ஆனால் பிந்திப் போனது. நினைத்து, பார்த்து, அழுத்துவதற்குள் தாளம் தாண்டிவிடும். எரிச்சலில் நான் கிதாரைக் கீழே வைக்க, பாங்கோஸோடு வந்திருந்த கோவிந்தன் தடுத்தான்.

“இருய்யா, ஏன் ஓடுற? நீ வர்ற வரைக்கும் நான் அடிச்சிக்கினு இருக்கேன். லேட்டா வா. அந்த ரேடியோக்காரனுங்களும் இப்டித்தானே பின்னால சாஞ்சி சாஞ்சி வர்றானுங்க?”

எத்தனை வருடம் கேட்டிருந்தேன், இது என் காதில் விழவே இல்லை. அவர்கள் தாளத்தைத் துரத்தவில்லை, கொஞ்சம் பிந்தியே வந்தார்கள். அந்தப் பிந்துதலில்தான் உருக்கம் இருந்தது.

பழைய பாட்டைத் தூக்கிப் போட்டேன். புதிய பாட்டுக்கு முதல் வரியை டாக்டரம்மா எப்போதோ கொடுத்துவிட்டிருந்தார்: தொட்டா சொல்லு.

எழுபதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் மாலையில், எங்கள் வீட்டிலேயே அதை முதன்முதலாக முழுதாக வாசித்தேன். கோவிந்தன் பொறுமையாக எனக்காகக் காத்திருந்து தட்டினான். கடைசி வரிக்கு கிதார் கிடையாது, குரல் மட்டும்தான். இடது கையை மடியில் வைத்து, கண்ணை மூடிப் பாடினேன். தொட்டா சொல்லு. பாட்டு முடிந்தது.

“தொட்டுட்டேங்க” என்றாள் ஸ்டெல்லா.

கண்ணைத் திறந்தேன். என் சுண்டுவிரல் அவள் கைக்குள் இருந்தது. எவ்வளவு நேரமாக என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.