காரைத் தூக்க வந்தவர்

புக்கிட் செலம்பாவில் எங்கள் பழைய காருக்கு எஞ்சின் மாற்றியவள் நான்தான். வீட்டில் முதன்முதலாகப் பொலிடெக்னிக் போய்ப் படித்தவளும் நான்தான். மாற்றிய நாளிலிருந்து கார் ஸ்டார்ட் ஆகத் திணறியது, மேட்டில் இழுக்கவில்லை. பிளக், பேட்டரி, பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். ஒரு மாதத்தில் அப்பா பொறுமையிழந்து, பழைய இரும்புக்குப் போட லோரியை வரச் சொல்லிவிட்டார். ஊரே பார்க்க என் வேலை லோரியில் ஏறப்போகிறது என்று குமைந்தேன்.

லோரிக்காரர் பருத்த மனிதர். கழுத்துத் துண்டில் கையைத் துடைக்காமல் எதையும் தொடமாட்டார். சங்கிலியை மாட்டுவதற்கு முன் என்னைக் கேட்டார்.

“கழட்டின எஞ்சின் எங்க தங்கச்சி?”

“பின்னால கிடக்கு. அதையும் தூக்கப் போறீங்களா அண்ணே?”

“மொதல்ல பாக்கணும் லா.”

பேட்டரியின் மின்சாரம் தடையில்லாமல் சுற்றிவர எஞ்சினைக் காரின் உடம்போடு இணைக்கும் எர்த் வயர் அந்தப் பழைய எஞ்சினிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிவந்து புதியதில் முடுக்கினார். சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது.

“நல்லாத்தான் மாட்டிருக்கே. பழசுல என்ன விட்டேன்னு பாக்கல, அவ்வளவுதான்.”

கையைத் துடைத்துக்கொண்டு, ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டு, வெறும் லோரியோடு கிளம்பினார். வந்த சவாரி கெட்டதில் அவருக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்று, அந்தக் காரில் வேலைக்குப் போகும்போதெல்லாம் யோசிக்கிறேன்.