முத்திரையைக் கழுவியவள்

கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் அதன் அஞ்சல் முத்திரையைக் கழுவிவிட்டாள் நெவ்ரா. வாழ்க்கையில் அவள் செய்த பெரிய தப்பு அது ஒன்றுதான். அதையும் வேண்டுமென்று செய்யவில்லை. கை பழக்கத்தில் செய்துவிட்டது.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. இஸ்தான்புல்லின் காடிகோய் பகுதியில் ஒரு நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சு வேலை. யாரோ விற்கும் வீட்டுக்குப் பத்திரம், யாரோ பிரியும் கணவனுக்கு உறுதிமொழி என்று பகலெல்லாம் விசைகளைத் தட்டுவாள். நோட்டரி ஐயா தேநீர் குடிக்க எழுந்ததும் அதே இயந்திரத்தில் தன்னுடைய பட்டியலைச் செருகுவாள். அவளிடம் இருந்த ஹெவி மெட்டல் கேசட்டுகளின் பட்டியல் அது. எந்தக் குழு, எந்த ஊரில் வாசித்தது, எத்தனை நிமிடம், எத்தனையாவது நகல் என்று நாலு பக்கம் வரும். கடையில் கிடைக்காத பாட்டெல்லாம் அந்தக் காலத்தில் இப்படித்தான் ஊர் சுற்றியது. உன் பட்டியலை எனக்கு அனுப்பு, என் பட்டியலை உனக்கு அனுப்புகிறேன். பிடித்ததைக் கேள், நகலெடுத்துத் தபாலில் போடுகிறேன். முகம் பார்க்காத நூறு பேர் இப்படி உறவுக்காரர்கள் ஆனார்கள்.

இந்த உறவுக்காரர்களுக்குள் ஒரு திருட்டுத்தனமும் உண்டு. தபால்தலையின் மேல் மெல்லிசாகப் பசை பூசிக் காயவைப்பார்கள். அஞ்சலகத்தில் குத்துகிற முத்திரை அந்தப் பசையின் மேல்தான் விழும். கிடைத்தவர் அந்த மூலையை வெட்டி, வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்தால் பசையோடு மையும் கழன்றுவிடும். தபால்தலை புதிதாகிவிடும், அடுத்த கேசட்டில் ஏறிப் போகும். நெவ்ரா வீட்டுக் குளியலறையில் அதற்கென்றே ஒரு பீங்கான் கிண்ணம் இருந்தது.

"முகம் கழுவ சோப்பு இல்ல, ராணி தலையையும் ஜனாதிபதி தலையையும் குளிப்பாட்ட மட்டும் சோப்பு இருக்கு" என்பாள் அவள் அம்மா பெரிஹான்.

துன்ஜா அதானா ஊர்க்காரன். நாலு வருடமாக அவனோடு கடிதப் போக்குவரத்து. அவனுக்கு வேகம் வேண்டும். இங்கிலாந்தில் ஒரு பட்டறை நகரத்துப் பையன்கள் சம்மட்டிச் சத்தத்தோடு வளர்ந்து, அதே கனத்தில் கிட்டார் வாசிக்க ஆரம்பித்ததுதான் இந்த இசைக்குப் பிறப்பு என்று அவளுக்கு முதல் கடிதத்தில் எழுதியவன் அவன்தான். பிறகு கலிஃபோர்னியாப் பையன்கள் அதை எடுத்துக் காலில் சக்கரம் கட்டி ஓடவிட்டார்கள், அதற்குப் பெயர் த்ராஷ். ஃப்ளோரிடாவில் அதன் குரலை உறுமலாக்கினார்கள், அது டெத். நார்வேயில் ஏதோ கறுப்பாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது, காத்திரு என்றான். நெவ்ராவுக்கோ ஓடாமல் நின்றவர்களைத்தான் பிடித்தது. முதல் பையன்களின் கனத்தையும் மெதுவையும் விடாமல் பிடித்துக்கொண்டு, ஒரு சுருதியை அது சாகும்வரை ஒலிக்கவிடுகிற டூம் இசை.

'உன் பாட்டு செருப்பு மாட்டறதுக்குள்ள என் பாட்டு அங்காரா போய்ட்டு வந்துடும்' என்று எழுதுவான் துன்ஜா.

'போய்ட்டு வந்து என்ன செய்யும்? மூச்சு வாங்கும்' என்று பதில் போடுவாள் நெவ்ரா.

ஒரே ஒரு முறை நேரில் பார்த்தார்கள். கட்டாய ராணுவச் சேவைக்குப் போவதற்கு முன் இஸ்தான்புல்லுக்கு வந்தான். தோளுக்குக் கீழே தொங்கும் முடி, கூச்சப்பட்ட கண்கள். படகுத்துறையில் மீன் ரொட்டி தின்றுகொண்டே மாலைவரை பேசினார்கள். படகு ஏறும்போது, "நாளைக்கு இதெல்லாம் மழிச்சிடுவாங்க. ஒருதரம் தொட்டுப் பாத்துக்கோ" என்றான். அவள் தொடவில்லை. வெட்கம். அந்த வெட்கத்தை அவள் எத்தனை முறை சபித்திருப்பாள்!

ராணுவம் முடிந்து வந்தவன் மறுபடி முடி வளர்த்தான். அப்பா வீட்டை விட்டுத் துரத்தினார். ஐந்து மாதம் அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. அப்புறம் 1992 மே மாதம் ஒரு திங்கட்கிழமை, அந்த உறை வந்தது.

அவளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் தபால்தலையை வெட்டிக் கிண்ணத்தில் போடுவாள். அப்புறம் கேசட்டை ஓடவிடுவாள். பாட்டு தொடங்கிய பிறகுதான் கடிதத்தைப் பிரிப்பாள், பாட்டோடு சேர்த்துப் படித்தால்தான் எழுதியவன் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். அன்றும் அப்படியே செய்தாள். கேசட்டிலிருந்து வந்தது மெதுவான, மலை நகர்கிற மாதிரியான இசை. துன்ஜாவா? வேகப் பைத்தியம் துன்ஜாவா டூம் அனுப்பியிருக்கிறான்? அவசரமாகக் கடிதத்தைப் பிரித்தாள்.

'நெவ்ரா, உன் பாட்டு இப்போதான் எனக்குப் புரியுது. இங்க ஒரு வேலை கெடச்சிருக்கு, தொழிலாளர் விடுதியில படுத்துக்கறேன், விலாசம்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஊர் என்னன்னு முத்திரையே சொல்லியிருக்கும், மாப்பிள்ளைக்கு இந்த ஊரான்னு சிரிக்காதே. குர்பான் பெருநாள் வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் தபால் ஆபீஸ் வாசல்ல நிப்பேன். நீ வந்தா இங்கயே இருப்பேன். வரலேன்னா மாமாகூட ஜெர்மனி போயிடுவேன். மறுபடி எழுதிக் கெஞ்ச மாட்டேன். அது உன்ன அவமானப்படுத்தற மாதிரி.'

ஊர் என்னன்னு முத்திரையே சொல்லியிருக்கும்.

குளியலறைக்கு ஓடினாள். கிண்ணத்தில் தபால்தலை பளிச்சென்று மிதந்தது. ஒரு கீறல் மை இல்லை. உயிரையே எழுதிய கடிதத்துக்கும் பழக்கத்தில் பசை பூசியிருந்தான் அவன். பழக்கத்தில் கழுவிவிட்டாள் இவள். தபால்தலையோடு சேர்ந்திருந்த உறைத் துண்டில் முத்திரையின் பாதி வட்டம் நீலக் குழம்பாகக் கரைந்து கிடந்தது. அதை ஈரத்தோடு சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓர் எழுத்தாவது? ஒன்றுமில்லை.

"என்னடி, யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் பெரிஹான்.

"இல்லம்மா. நான்தான் கொன்னுட்டேன்."

அஞ்சலகத்தில் கேட்டாள். பதிவுத் தபால் இல்லையென்றால் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாதென்றார்கள். அதானாவுக்குத் தொலைபேசியில் பேசினாள். "எனக்கு அப்படி ஒரு மகன் இல்ல" என்று துன்ஜாவின் அப்பா வைத்துவிட்டார். மிச்சம் இருந்தது அந்தக் கேசட் ஒன்றுதான்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு கடைவீதி வளாகத்துக்கு ஓடினாள். அங்கே கேசட் கடை வைத்திருந்த ஷாகிருக்குத் தலையில் ஒரு முடிகூட இல்லை. ஆனால் பாட்டு போட்டால் முடி இருக்கிறவனைவிட வேகமாகத் தலையை ஆட்டுவார்.

"ஷாகிர் அண்ணே, இது எந்த ஊர்க் குழு? சொல்லுங்க."

அவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடினார். "குழு தெரியலம்மா. ஆனா இரைச்சலக் கேளு. இது மூணாவது கைமாறின நகல். ரெண்டாவது கையும் முதல் கையும் எங்கயோ இருக்கு. இரைச்சல் கொறையக் கொறைய ஊர் கிட்ட வரும்."

பாட்டின் நடுவே தூரத்தில் நீளமாக ஒரு ஊதல் கேட்டது. கப்பல் சங்கு என்றார் ஷாகிர். அதை நம்பித் துறைமுக ஊர்களுக்கெல்லாம் எழுதினாள். இஸ்மிர், சாம்சுன், மெர்சின். மூன்று ஞாயிறுகள் போயின. ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் நெவ்ராவால் சாப்பிட முடியவில்லை. இந்த நிமிடம் எங்கோ ஒரு வாசலில் நிற்கிறான், வருகிற ஒவ்வொரு பேருந்தையும் பார்க்கிறான் என்று நினைத்துத் தட்டை நகர்த்திவிடுவாள்.

"நான் பாத்து வச்ச அந்தப் பல் டாக்டர் மாப்பிள்ளை உனக்காக எத்தன நாள் காத்திருப்பார்?" என்று கேட்டாள் பெரிஹான்.

"அவர் உக்காந்துதானம்மா காத்திருக்கார். இவன் நின்னுகிட்டு இருக்கான்."

துறைமுகங்கள் கைவிட்டதும், பட்டியல்களைத் துழாவ ஆரம்பித்தாள். நாடெங்கும் இருந்து வந்து குவிந்திருந்த எண்பது பட்டியல்களில், அங்காராவைச் சேர்ந்த இல்கர் என்ற மாணவனின் பட்டியலில் ஒரு வரி: 'பெயர் தெரியாத குழு, மிக மெதுவாக, இருபத்திரண்டு நிமிடம், முதல் நகல்.' உடனே கடிதம் போட்டாள். ஐந்தாவது ஞாயிறும் கடந்துவிட்டது. பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, நோட்டரி அலுவலகத்துக்கு அவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"நெவ்ரா அக்கா, கப்பலா? யாரு சொன்னா? என் நகல்ல தெளிவா கேக்குது, அது இரும்பாலை சங்கு. ஷிஃப்ட் மாறுது. கராபுக்ல கிரேன் ஓட்டற ஹய்ரெத்தின் அண்ணன் பதிவு பண்ணினது. அந்த ஊர்த் தொழிலாளர் விடுதி பூரா அதோட நகல்தான் கைமாறிச் சுத்துது."

கராபுக்! மலைகளுக்கு நடுவே உலை எரிகிற ஊர். முதல் பையன்கள் பிறந்த அந்தப் பட்டறை நகரத்தின் தங்கை போன்ற ஊர். நெவ்ராவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பெருநாளுக்கு நாடே சொந்த ஊருக்குக் கிளம்பியிருந்தது. ஒரு பேருந்திலும் இடமில்லை. புதன்கிழமை பகல் முழுவதும் பேருந்து நிலையத்தில், ஆடும் மூட்டையும் குழந்தைகளுமாக முட்டிமோதிய கூட்டத்தில், கவுண்டருக்குக் கவுண்டர் அலைந்தாள். கடைசியில் வியாழன் அதிகாலை வண்டியில் ஓர் இருக்கை கிடைத்தது. பெருநாள் தொழுகை முடிந்து ஊரெல்லாம் கறி வாசனை எழும்பும்போது கராபுக்கில் இறங்கினாள்.

தபால் அலுவலக வாசல் காலியாக இருந்தது.

விசாரித்து ஹய்ரெத்தின் வீட்டைக் கண்டுபிடித்தாள். குர்பானி ஆட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்தவர் கையில் கத்தியோடு எழுந்து வந்தார். உடல் கிரேன் மாதிரி, கண் கன்றுக்குட்டி மாதிரி.

"நீ நெவ்ராவா?" என்றார் அவளைப் பார்த்ததுமே. "இப்ப எதுக்கு வந்தே தங்கச்சி?"

"துன்ஜா எங்கண்ணே?"

"நேத்திக்குக் காலைல கிளம்பிட்டான். இஸ்தான்புல் வண்டி. அங்கேர்ந்து சாயங்காலம் ஜெர்மனி வண்டி."

நேற்று! நேற்றுப் பகல் முழுவதும் அவள் நின்றது அதே நிலையத்தில்தான். அந்தக் கூட்டத்தில், நாலு கவுண்டர் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு அவன் நின்றிருக்கலாம். நெவ்ரா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சு ஞாயிறு நின்னான்" என்றார் ஹய்ரெத்தின். "மழையில ஒரு ஞாயிறு. இஸ்தான்புல் வழியாத்தானே போற, அவ கதவைத் தட்டுடான்னேன். அவதான் அஞ்சு தரம் பதில் சொல்லிட்டாளே அண்ணேன்னான். அப்படி என்ன தங்கச்சி கல்நெஞ்சு உனக்கு?"

அவள் சொன்னாள். பசை, கிண்ணம், சோப்பு, கரைந்த வட்டம், எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தவர் ரத்தக்கறைக் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவிங்களா! என் பசை டப்பாவைத்தான் வாங்கிட்டுப் போனான் அவன்."

ஜெர்மனி விலாசம் அவருக்கும் தெரியவில்லை. அவர் மனைவி கட்டாயப்படுத்திச் சோறும் கறியும் வைத்தாள். நெவ்ரா ஒரு வாய் விழுங்கியதும் எழுந்துகொண்டாள்.

அவன் போய்விட்டது ஒரு வலி. அதைவிடப் பெரிய வலி, அவள் வேண்டாமென்று சொன்னதாக நினைத்துக்கொண்டு எங்கோ ஓர் அந்நிய ஊரில் அவன் தூங்கி எழுவது. அதை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. அடுத்த வாரமே புதுப் பட்டியல் ஒன்றை அடித்து, அதன் கடைசியில் துருக்கிய மொழியிலும் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்திலும் எழுதினாள்:

'துன்ஜாவுக்கு. முத்திரையைக் கழுவிவிட்டேன், ஊர் தெரியவில்லை. தேடி வந்தேன், ஒரு நாள் தாமதம். நெவ்ரா. நகலெடுப்பவர்கள் தயவுசெய்து இந்த வரியையும் உங்கள் பட்டியலில் சேருங்கள்.'

சேர்த்தார்கள். சாத்தானைப் பாடுகிறவர்கள், பிணத்தைப் பாடுகிறவர்கள், முகத்தில் சுண்ணாம்பு பூசிக்கொள்கிறவர்கள், எல்லோரும் சேர்த்தார்கள். போலந்திலிருந்தும் சிலியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பட்டியல்களின் அடியில், எழுத்துப்பிழைகளோடு அவள் வரி அவளிடமே திரும்பி வந்தது. பக்கத்தில் கையெழுத்தில் ஒரு கேள்வி: வந்தானா?

மூன்று வருடம் கழித்து ஜெர்மனியின் டியூஸ்பர்க் நகரத்திலிருந்து ஒரு துருக்கித் தொழிலாளி எழுதினான். 'அக்கா, எங்க ஆலையில துன்ஜா இருக்கான். உங்க வரியைக் காட்டினேன். ரெண்டு தரம் படிச்சான். அப்போ அவ மாட்டேன்னு சொல்லலையா, அப்படீன்னு கேட்டான். சொல்லலன்னேன். அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு அக்கா, ஒரு பெண் குழந்தை. விலாசம் குடுக்க வேண்டாம்னான். அந்தத் தாளை மட்டும் கிழிச்சு வாங்கிக்கிட்டான்.'

பெரிஹான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அழறியா?"

"இல்லம்மா."

"அழுதுடு கண்ணு. மூணு வருஷமா நீ அழாததுதான் எனக்கு பயமா இருந்துச்சு."

நெவ்ரா பிறகு கல்யாணம் செய்துகொண்டாள். பல் டாக்டரை அல்ல, படகில் இயந்திரம் பழுது பார்க்கிற ஒரு நல்ல மனிதரை. இரண்டு பெண்கள். நோட்டரி அலுவலகத்தில் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. மெதுவான பாட்டை இன்னும் கேட்கிறாள், கணவர் வெளியே போயிருக்கும்போது.

ஒவ்வொரு குர்பான் பெருநாளன்றும் மத்தியானம் கராபுக்குக்குத் தொலைபேசி செய்கிறாள். ஹய்ரெத்தினுக்கு எழுபத்தாறு வயது, காது மந்தம். உலைச் சத்தத்தில் பாதி போனது, மீதி மெட்டலில் போனது என்பார். போன பெருநாளுக்கும் பேசினார்கள். உடம்பு, மூட்டுவலி, கறி விலை எல்லாம் பேசி முடித்தாயிற்று. மிச்சத்தை அவள் கேட்பதில்லை. அவரே சொல்லிவிடுகிறார்.

"இன்னிக்கும் தொழுகை முடிஞ்சு அந்தப் பக்கமாத்தான் நடந்து வந்தேன் தங்கச்சி. தபால் ஆபீஸ் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன்."

"ம்."

"யாரும் இல்ல."

"தெரியும்ணே" என்றாள் நெவ்ரா. "மழை பெய்யுதா அங்க?"

"தூறுது."

"குடை எடுத்துட்டுப் போனீங்களா?"