பிள்ளைக ஈடு

தங்கமயில் அக்கா வீட்டில் தினமும் ஐந்து ஈடு இட்லி வேகும். கொப்பரையில் ஒரு தடவை வெந்து இறங்குவது ஓர் ஈடு, எண்பது இட்லி. நான்கு ஈட்டுக் காசு வீட்டுச் செலவுக்கு. ஐந்தாவது ஈட்டுக் காசு அடுக்களை ஆணியில் தொங்கும் பால்பவுடர் டப்பாவில் விழுந்து, மாதம் ஒருமுறை செம்பூருக்குப் போய்விடும். தாராவியில் எங்கள் சந்து முழுக்க அதற்குப் பெயர் பிள்ளைக ஈடு.

இட்லித் தட்டில் விரிக்கும் துணிகளை அலசிப் போடுவது என் வேலை. பக்கத்து அறைதான் எங்களுடையது. நான் அதிகம் பேசமாட்டேன் என்பதால் என்னை வைத்துக்கொண்டே எல்லாரும் எல்லாமும் பேசுவார்கள்.

அது தொடங்கிய நாளில் நானும் அங்கேதான் இருந்தேன். இரண்டாயிரத்து ஒன்பது. டிவியில் வன்னிச் சண்டையைக் காட்டினார்கள். ஓடிவரும் கூட்டத்தில் ஐந்து வயது இருக்கும், ஒரு பெண்பிள்ளை. வெறுங்கால். செருப்பு இரண்டும் கையில்.

"தொலைச்சிராதன்னு அவ ஆத்தா சொல்லியிருப்பா," என்றாள் அக்கா. "பிள்ள கேட்டுருக்கு பாரு."

மறுநாளிலிருந்து அரை மணி நேரம் முன்னால் எழுந்தாள். அதுவரை நான்காக இருந்த ஈடு ஐந்தானது. செம்பூரில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிற அனந்தகிருஷ்ணன் சார், பணத்தை வன்னியில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் இல்லத்துக்கு அனுப்பிவைத்தார். லாக்டவுனில் வியாபாரம் நின்றபோது மட்டும் டப்பா காலியாகத் தொங்கியது. திரும்ப அடுப்பு மூட்டியதும், விட்டுப்போன மாதங்களுக்காக ஆறாவது ஈடும் போட்டாள். இடுப்பு வலிக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். அவ்வளவுதான்.

பதினைந்து வருடம் கழித்து அந்த இல்லத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாஷியில் ஆபீசுக்குப் போகும் அக்கா மகன் ஆதித்யனுக்குத் தமிழ் வாசிக்க வராது. அக்காவுக்கும் வராது. எட்டாவதோடு நின்றவள் என்றாலும் நான் வாசித்தேன். கடைசிப் பிள்ளையும் நர்சிங் படிப்பில் சேர்ந்துவிட்டாள், இல்லத்தை மூடுகிறோம், இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தது.

அக்கா கடிதத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் செல்லத்துரை அண்ணாச்சி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்று சாயங்காலமே கோயில் கொடைக் கமிட்டியில், ஐந்தாவது ஈட்டுக் காசு இனி அலங்கார வளைவுக்கு என்று சொல்லிவிட்டார். வளைவின் உச்சியில் 'உபயம்: செல்லத்துரை' என்று பல்பு எரியுமாம்.

அக்கா அதற்குள் செம்பூருக்குப் போன் போட்டிருந்தாள்.

"சார், வேற எங்கயாச்சும் பிள்ளைக இருக்கா?"

"இல்லாம என்னம்மா. சூடான்ல சண்டை, கேம்ப்ல எத்தனையோ குழந்தைகள். ஆனா நன்னா யோசிச்சுக்கோங்கோ. நீங்க இதுவரைக்கும் பண்ணினதே பெரிசு."

"யோசிக்க என்ன இருக்கு சார். டப்பா வரும்."

இதைக் கேட்டுச் சந்தே சிரித்தது. எங்கள் சந்தில் பெண்கள் அவிப்பார்கள், ஆண்கள் விற்கப் போவார்கள். அக்கா வீட்டு இட்லியைச் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிற பூலோகம், "சூடானா? எங்கன இருக்கு மதினி, கோபர்கைரனே ஸ்டேஷன் தாண்டியா?" என்று கேட்டான்.

"தாண்டித்தான். உன் சைக்கிள் போவாது," என்றாள் அக்கா.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "வன்னிப் பிள்ளைக நம்ம சனம், சரி. இதுக என்ன பாஷையோ, என்ன சாமியோ."

"தாதர்ல நம்ம இட்லிய வாங்கித் திங்கான்லா, அவன்ட்ட பாஷய கேட்டுட்டுத்தான் பூலோகம் சட்னி ஊத்துதானா?"

"ஏட்டி, நான் கமிட்டில வாக்கு குடுத்துட்டேன்."

"நீங்க குடுத்த வாக்குக்கு நீங்க மாவாட்டுங்க."

மறுநாள் விடிந்ததும் பூலோகம் நான்கு ஈட்டைச் சைக்கிளில் கட்டினான். ஐந்தாவதைத் தொடவில்லை. "அண்ணாச்சி சொல்லிட்டாரு மதினி. கமிட்டிக்குன்னா தூக்குதேன். இல்லன்னா அது இங்கனயே இருக்கட்டும்."

அண்ணாச்சி வாசலில் பல் தேய்த்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். சூடு ஆறினால் இட்லி விலை போகாது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

அக்கா கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்தாள். நான் அலசிப் போட்டதுதான். அதைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்தாள்.

"ஏட்டி, ஒரு கை குடு," என்றாள் என்னிடம்.

"பொம்பள தெருவுல இட்லி விக்கவா?" பிரஷ் அண்ணாச்சியின் வாயிலேயே இருந்தது. "எம் மானம் என்னாவுது?"

"அவிக்கும்போது போவாத மானம், விக்கும்போதுதான் போவுதாக்கும்."

நான் பாத்திரத்தைத் தூக்கிவிட்டேன். சட்னி வாளியை யார் எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் ஒரு மணி நேரம் அக்காவுக்குக் குரலே வரவில்லை. முப்பது வருடமாக இட்லி செய்தவளுக்கு அதைக் கூவத் தெரியவில்லை. ஆபீஸ் போகும் ஒரு பெண் நின்று, "கித்னே கா?" என்று கேட்டாள். அக்கா விலை சொன்னாள். அதற்குப் பிறகு குரல் வந்துவிட்டது.

ஒன்பதரைக்குத் திரும்பினோம். அண்ணாச்சி தின்னாமல் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தில் பதினோரு இட்லி மிச்சம். அதில் நான்கைத் தட்டில் வைத்து, மேலே சட்னி ஊற்றி, அக்கா அவர் முன்னால் நீட்டினாள். அவர் கை நீட்டியதும் தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"காசக் குடுத்துட்டுத் தின்னுங்க. இது பிள்ளைக ஈடு."

அவர் என்னைப் பார்த்தார். நான் துணி அலசப் போகவில்லை, அங்கேயே நின்றேன். அவர் கை சட்டைப் பைக்குப் போனது.