கதவுக்கு எதிரே ஒரு முழம்

ஹிந்தா பெர்ல்முட்டர் நாற்பது வருடம் எங்கள் சுரங்க ஊர் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவள். எங்கள் யூத குருவான ரபியைக்கூட வரிசை தாண்ட விட்டதில்லை. அப்படிப்பட்டவள் எழுபத்தொரு வயதில் ஒரு விஷயத்தில் மட்டும் ஊர்க் கேலிக்கு ஆளானாள். ஜெப ஆலயத்தின் பின்னறையில் பிறந்து, நாலு வயதுவரை அங்கேதான் வளர்ந்தேன் என்பாள். அவள் அப்பா அடுப்பு மூட்டி, கதவு திறந்து, ஆலயத்தைப் பார்த்துக்கொண்டாராம்.

மெண்டெல் என்கிற நான் ஆலயப் புதுப்பிப்புக் குழுவின் செயலாளர். பழைய குறிப்பேடுகளை எல்லாம் புரட்டினேன். உடைந்த ஜன்னலுக்கும் காணாமல் போன குடைக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். குடும்பம் இருந்ததாக ஒரு வரி இல்லை. அது விறகறைதான், திங்கட்கிழமை இடித்துக் கூடத்தைப் பெரிதாக்கலாம் என்று முடிவு கட்டினோம். "அவளுக்கு வேதச் சுருள் வைக்கிற பேழைக்குள்ளயே தொட்டில் கட்டியிருப்பாங்க" என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, அந்த அறையின் மரப்பலகைகளைப் பத்திரமாகக் கழற்றிக்கொண்டிருந்த பூச்சுக்காரர் ஆங்கஸ் என்னைக் கூப்பிட்டார். பலகைக்குப் பின்னால், சுவரில் ஒரு சதுரம் மட்டும் பூச்சே இல்லாமல் இருந்தது.

"இது உதிர்ந்தது இல்ல வாத்தியாரே. ஓரமெல்லாம் நூல் புடிச்ச மாதிரி இருக்கு. வேணும்னே விட்டிருக்காங்க."

புகைபோக்கி ஓட்டையா, அலமாரி இருந்த இடமா? ஆணித்தடம்கூட இல்லை. அளந்து பார்த்தேன். நீளமும் அகலமும் ஒரு முழம். நேர் எதிரே கதவு. கதவில் ஹிந்தா கோட்டுடன் நின்றிருந்தாள். அறை இன்னும் நிற்கிறதா என்று பார்க்கத் தினமும் வருவாள்.

அப்போதுதான் உறைத்தது. என் வீட்டிலும் வாசலுக்கு எதிரே அப்படி ஒரு முழம் உண்டு. இடிந்துபோன எருசலேம் ஆலயத்தின் துக்கத்துக்காகப் பூசாமல் விடுவது.

"நம்ம பெரியவங்க இங்கயும் விட்டிருக்காங்க போல" என்றேன், அசட்டுத்தனமாக.

ஹிந்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஜெப ஆலயத்துக்கு அந்த முறையே கிடையாது, மெண்டெல். விறகறைக்கும் கிடையாது. குடியிருக்கிற வீட்டுலதான் விடுவாங்க." குரல் உடைந்தது. "இது இங்க இருக்குன்னு எனக்கே ஞாபகமில்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றும் புரியாத ஆங்கஸ், திங்கட்கிழமை சுவரை இடிக்கலாமா என்று கேட்டார்.

"வேண்டாம். இது இவங்க வீடு" என்றேன்.

ஹிந்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்கள் பூட்ஸுகளைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு பேரும் வெளிய போய்க் காலத் துடைச்சிட்டு வாங்க."

போய்த் துடைத்துக்கொண்டு வந்தோம்.