பூராடத்து வடை

என் கையெழுத்து கோழி கிண்டிய மண்ணைப் போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவன் நான். அதற்குப் பிறகு ஒஸ்லோவில் மூன்று வருடம் வகுப்பில் இருந்தேனே தவிர, படித்தேன் என்று சொல்ல முடியாது. இதைத் தட்டச்சுச் செய்கிற என் மகளும் வாசிக்கிற நீங்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் வருவது ஒரு வாசனைதான். ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தின் கதவைத் திறந்தால் ரப்பர் பந்தும் வியர்வையும் தரைக்குப் பூசிய வார்னிசும் கலந்து ஒரு மணம் வரும். வருடத்தில் ஒரு நாள் மட்டும் அதற்கு மேலாகப் பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் மணக்கும். அன்று நிரூபனின் அம்மா, நாங்கள் பவளம் அன்ரி என்று கூப்பிடுகிறவர், வெள்ளித்தாள் மூடிய பெரிய சட்டியில் கடலை வடையோடு வந்து வாசலிலேயே தன் பனிச்சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்பார். எங்கள் "த்ரேனர்", அதாவது கூடைப்பந்துப் பயிற்சியாளர், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு முதல் வடையை எடுப்பார். இது என்ன விசேடம் என்று அவர் கேட்டால், "கோயில் சாப்பாடு" என்று நிரூபன் சொல்லிவிடுவான். அது அவனுடைய பிறந்தநாள் என்பது எனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே அடுக்குமாடியில், ஒரே படிக்கட்டில் குடியிருந்தவர்கள்.

நிரூபனை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்பெயினின் முதல்தரக் கூடைப்பந்துக் குழுவில் ஆடிய, நோர்வே தேசியக் குழுவுக்குத் தலைவனாக இருந்த, இடது கையால் எறிகிற அந்த நெட்டை மனிதன்தான். ஆனால் நான் சொல்கிற நிரூபன் பந்தைப் படிக்கட்டு முழுக்கத் தட்டிக்கொண்டு இறங்கி, கீழ்வீட்டு நோர்வேக் கிழவியிடம் ஏச்சு வாங்கியவன். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இருந்த வெளித்தளத்தில் பனியை வழித்துத் தள்ளிவிட்டு, வலை கிழிந்துபோன வளையத்துக்குள் நூறு தடவை பந்தைப் போடாமல் வீட்டுக்கு வரமாட்டான். விரல் வெடித்து இரத்தம் வரும். "பந்து சோறு போடுமே உனக்கு?" என்று அவனுடைய அப்பா கேட்பார், கேட்டுவிட்டு அவரே விரலுக்கு மருந்தும் பூசிவிடுவார்.

பிறந்தநாள் விடயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவர்கள் நோர்வேக்கு வந்தபோது நிரூபனுக்கு நாலு வயது. பிறப்புச் சான்றிதழும் சாதகக் குறிப்பும் ஊரில் வீட்டோடு போய்விட்டன. எப்போது பிறந்தவன் என்று அதிகாரி கேட்க, அவனுடைய அப்பா, "பிரபவ வருசம், ஐப்பசி மாசம், பூராட நட்சத்திரம், விடியப்புறம்" என்று சொல்லியிருக்கிறார். எங்களைப் பொறுத்தவரை இதைவிடத் திருத்தமாக ஒருவர் சொல்ல முடியாது. மொழிபெயர்த்தவர் பிரபவ வருடம் எண்பத்தேழுக்கும் எண்பத்தெட்டுக்கும் நடுவில் வருகிறது என்று மட்டும் சொல்லி ஐப்பசியை விட்டுவிட, அதிகாரி 1988 சனவரி முதலாம் திகதி என்று எழுதிவிட்டார். உண்மையில் அவன் அதற்கு இரண்டு மாதம் முன்பே பிறந்தவன். அப்போது யாரும் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் கட்டடத்தில் மட்டும் சனவரி முதலாம் திகதிக்காரர் ஏழு பேர் இருந்தார்கள். "எல்லாருக்கும் சேர்த்து ஒரு கேக் வெட்டினாக் காணும்" என்று பெரியவர்கள் பகிடி விடுவார்கள்.

கூடைப்பந்தில் அது பகிடியாக இருக்கவில்லை. பிள்ளைகளைப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் பிரிப்பார்கள். நாங்கள் எண்பத்தெட்டாம் ஆண்டுக்காரர்களின் குழு. அந்த இரண்டு மாதத்தால் நிரூபன் எங்களுக்கு மேலே உள்ள குழுவில் ஆட வேண்டியவன்.

2004ஆம் ஆண்டு வசந்தத்தில் எங்கள் குழு இறுதி ஆட்டத்துக்கு வந்தது. பனி கரைந்து பாதை எல்லாம் சேறாக இருந்த கிழமை அது. விளையாட்டுக்கென்றே நடத்தப்படும் ஒரு மேல்நிலைப் பள்ளியிலிருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்து ஆள் எடுக்க வருகிறார்கள் என்று த்ரேனர் சொல்லியிருந்தார். நிரூபனைத்தான் பார்க்க வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நிரூபன் ஆடுகிற இடத்துக்கு மாற்று ஆட்டக்காரன் நான். அந்தப் பருவம் முழுக்க நான் ஆடியது அவன் தண்ணீர் குடிக்கிற நேரம் மட்டுந்தான்.

ஆட்டத்துக்கு மூன்று நாளுக்கு முன், எதிர்க்குழுவின் பெற்றோர் ஒருவர் நிரூபனின் உயரத்தையும் அரும்பு மீசையையும் காட்டி, இவன் வயது கூடியவன் என்று முறைப்பாடு செய்தார். த்ரேனர் நிரூபனின் அப்பாவுக்கு அழைத்தார். கடதாசியில் உள்ளதுதான் சரி என்று அவர் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். தொலைபேசியை வைத்தவர் எழும்பிப் போய் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வந்தார்.

"உண்மையைச் சொன்னா என்னப்பா?" என்று நிரூபன் கேட்டான்.

"விசர்க்கதை கதைக்காதை. சிற்றிசனுக்குப் போட்டிருக்கிற நேரம். ஒரு திகதி பொய் எண்டா எல்லாமே பொய் எண்டுவாங்கள். பந்தடிக்கப் போய்க் குடும்பத்தைத் திருப்பி ஊருக்கு ஏத்தவோ?"

பவளம் அன்ரி அடுப்படியில் நின்றபடி, "றஞ்சன், நீ வெளியில ஒண்டும் கதைக்கப்படாது என்ன?" என்றார். "ஓம் அன்ரி" என்றேன்.

இறுதி ஆட்டத்தன்று காலை நான்தான் முதலில் போனேன். உடை மாற்றுகிற அறையில் த்ரேனர் தனியாக நின்று சட்டைகளை இலக்கப்படி கொளுவியில் கொளுவிக்கொண்டிருந்தார். நிரூபனின் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நீ அவனுடைய பக்கத்து வீட்டுக்காரன். அவன் உண்மையில் எப்போது பிறந்தான் என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் கூச்சக்காரன், ஆசிரியர்கள் என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்று மட்டும் வாய் திறந்தது. "உங்களுக்கு வடை வருகிற நாள்தான்" என்றேன். "அது கோயில் சாப்பாடு அல்லவா?" என்றார். "அது கோயில் சாப்பாடு அல்ல. ஐப்பசி மாதத்தில் அவன் பிறந்த நட்சத்திரம் வருகிற நாள். எண்பத்தேழில் பிறந்தவன்."

அதைச் சொன்னபோது என் கண் அவர் கையிலிருந்த சட்டையில் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சொன்னேனா, அந்த இடம் எனக்கு வேண்டும் என்று சொன்னேனா? இருபது வருடத்துக்கு மேலாக யோசிக்கிறேன். இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

த்ரேனர் நல்ல மனிதர். யார் சொன்னது என்று ஒருவருக்கும் சொல்லவில்லை, எந்த அலுவலகத்துக்கும் எழுதவும் இல்லை. நிரூபன் வந்ததும் அவனை வெளியே கூட்டிப்போய், "அந்த வடை கோயில் சாப்பாடு அல்ல என்று எனக்குத் தெரியும். இன்று நீ ஆடவில்லை. அடுத்த கிழமையிலிருந்து பெரியவர்களோடு ஆடுகிறாய்" என்று மட்டும் சொன்னார். நிரூபன் திரும்பி வந்து சப்பாத்தைப் பையில் வைத்து, பையின் வாரை மூன்று தடவை இழுத்து இறுக்கினான். என் முகத்தைப் பார்த்து, "டேய், நீதான் துடங்குறாய். பயப்பிடாதை" என்றான்.

நாங்கள் பத்தொன்பது புள்ளிகளால் தோற்றோம். அந்தப் பத்தொன்பதில் பாதி என் கையிலிருந்து போனது. நிரூபன் வெளிச்சட்டையோடு வாங்கிலில் இருந்து, "றஞ்சன், முழங்காலை மடக்கடா! அவசரப்படாதை மச்சான்!" என்று கடைசி விசில்வரை கத்திக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் அது முதுகில் அடி விழுவது போல இருந்தது. மேலே பார்வையாளர் வரிசையில் கையில் குறிப்புப் புத்தகத்தோடு இருந்த இருவர் இடைவேளையிலேயே எழுந்து போய்விட்டார்கள்.

அதன்பிறகு பல மாதங்கள் நிரூபனின் அப்பா தபால்பெட்டியைத் திறக்க முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் திறப்பார். பயந்தது போல ஒன்றும் வரவில்லை. குடியுரிமைதான் வந்தது, அதே சனவரி முதலாம் திகதியோடு.

அந்த மேல்நிலைப் பள்ளி நிரூபனுக்குக் கிடைக்கவில்லை. வேலைக்குப் போய்வந்து ஆடுகிற பெரிய ஆட்களோடு இரண்டு வருடம் மோதி, இரண்டு பல்லை உடைத்துக்கொண்டான். பத்தொன்பது வயதில் ஸ்பெயினில் ஒரு சின்ன ஊரின் மூன்றாம்தரக் குழுவுக்குப் போனான். மொழி தெரியாமல் கடையில் மீன்ரின்னைக் காட்டிக் காட்டி வாங்கிச் சாப்பிட்டதாக அன்ரியிடம் சொல்லுவானாம். பிறகு ஜெர்மனியில் நாலு வருடம், திரும்பவும் ஸ்பெயின், இந்த முறை முதல்தரக் குழு. அவன் முதல்முறையாகத் தேசியக் குழுவில் ஆடியதை நான் வேலை செய்கிற பாண் சுடுகிற தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் இவன் என் சிநேகிதன் என்று சொல்ல வாய் வரவில்லை. முழங்காலில் இரண்டு சத்திரசிகிச்சை செய்த பிறகும் மூன்று வருடம் ஆடிவிட்டுத்தான் விட்டான்.

போன மாதம் அவனுக்கு ஸ்டோவ்னரில் வரவேற்பு வைத்தார்கள். மேடையில் அவனே தன் இரண்டு பிறந்தநாள் கதையைச் சொல்ல, சனம் சிரித்தது. கையெழுத்து வாங்குகிற வரிசையில் நானும் நின்றேன். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கட்டிப்பிடித்தான்.

"என்னடா மொட்டை விழுந்திட்டுது! அம்மாவைப் போய்ப் பாரடா, உன்னைக் கேக்கிறவ."

"அன்ரி சுகமோ?"

"சுகம். ஆனா வடைதான் இல்லை. அந்த பைனலோட விட்டவ. தான் கொண்டுவந்த வடையாலதான் த்ரேனர் கண்டுபிடிச்சவர், தன்ர கையாலதான் பிள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடம் இல்லாமப் போனது எண்டு இப்பவும் சொல்லி அழுவா. ஆர் சொன்னது எண்டு எனக்கே தெரியாது. அவவுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். நான் அவனுடைய படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாங்கள் பனி வழித்த வெளித்தளத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. மண்டபத்தைத் திருத்தி விட்டார்கள். கதவைத் திறந்தால் புது வர்ணம் மட்டும் மணக்கிறது. அவற்றுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு சட்டி வடை இல்லாமல் போனது மட்டும் என்னால்.

பவளம் அன்ரி, வடை கதைக்காது. கதைத்தது நான். உங்களுக்கு ஓம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நாள் காலையில் நான்தான் சொன்னேன். நிரூபனை இதை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவன் முகத்துக்கு நேரே சொல்லாமல் வந்ததால், அவனும் இதில்தான் அறிய வேண்டியிருக்கிறது.

ஸ்டோவ்னர்,
ஐப்பசி 11, பூராடம்.