பெயர்கள் தொலைந்த கல்யாண வீடியோ

புது ஓ.எஸ். போட்டு கம்ப்யூட்டர் எழுந்ததும் திரை பளபளவென்று இருந்தது. ஃபேன் சத்தம்கூடக் குறைந்த மாதிரி...

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் அப்போது என் எடிட்டிங். இனி வேலை பறக்கும் என்று நினைத்துக்கொண்டே ஒரு கல்யாண வீடியோவைத் திறந்தேன்.

மாலை மாற்றுகிற காட்சி. கீழே மணப்பெண் பெயர் ‘அருள்மொழி’ என்று வர வேண்டும்.

வந்தது: mUs;nkhop

பழைய தமிழ் ஃபான்டில் அடித்த நண்பர்களுக்கு இது என்னவென்று தெரியும். எனக்கு அன்று தெரியவில்லை. வைரஸ் என்று நினைத்து அணைத்துப் போட்டேன். அதேதான். மாமா, சித்தப்பா, பங்குச் சாமியார் என்று எல்லோர் பெயரும் இப்படியே. நெட்டில் ஏதோ ஒரு ஃபான்ட் எடுத்துப் போட்டேன். தமிழ் வந்தது... ஆனால் யாருக்கும் புரியாத தமிழ்.

பெயர்கள் எழுதித் தந்த தாளையும் தொலைத்திருந்தேன். மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் குவைத் கிளம்புகிறார்கள். டிவிடி கையோடு போக வேண்டும். பெண்ணின் அப்பாவிடம் மறுபடி பெயர் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பின்னால் நின்று பார்த்த என் மனைவி ஸ்டெல்லா, “அண்ணங்கிட்ட போங்க” என்றாள்.

அவள் அண்ணன் சேவியர் எனக்கு முதலில் நண்பன், பிறகு மச்சான். சிதம்பரத்தில் சேர்ந்துதான் ஸ்டுடியோ நடத்தினோம். போர்டில் யார் பெயர் முதலில் என்பதில் ஆரம்பித்த சண்டை, நான் கடலூருக்கே திரும்பி வருவதில் முடிந்தது. எட்டு மாதமாகப் பேச்சில்லை.

எது கெட்டது என்றே தெரியாததால் மொத்த சிபியுவையும் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். வழியில் ஆலப்பாக்கம் வரைக்கும் என்ன பேசுவது என்று யோசித்தேன். அதற்கப்புறம், திரும்பிப் போய்விடலாமா என்று.

சேவியர் என்னைப் பார்த்தான். போர்வையைப் பார்த்தான். தன் வேலையை நிறுத்திவிட்டு ஒயரை மாட்டினான். திரை வந்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் இருவரும் பயன்படுத்திய பழைய ஃபான்ட், ஓ.எஸ். மாற்றியதில் அழிந்திருக்கிறது; அது இல்லாவிட்டால் அடித்த தமிழ் இப்படி ஆங்கில எழுத்தாகத்தான் தெரியுமாம். பென் டிரைவிலிருந்து ஒரு ஃபோல்டரை இழுத்துப் போட்டான். ஒரு நிமிஷம்தான்... அருள்மொழி வந்துவிட்டாள்.

“இதுக்கா மாப்ள இம்மாந்தூரம் தூக்கிட்டு வந்த? ஃபோன் பண்ணியிருந்தா மெயில்ல அனுப்பியிருப்பேனே.”

“பண்ணா எடுத்திருப்பியா மச்சான்?”

கொஞ்ச நேரம் அவன் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

“தெரியல” என்றான். அப்புறம், “சாப்புட்டியா?”

டிவிடியை அங்கேயே போட்டு முடித்தோம். அன்று சாயங்காலமே பெண் வீட்டில் கொடுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் அப்டேட்டுக்குப் பிறகு சாஃப்ட்வேர் மக்கர் செய்தால் சேவியருக்கு ஒரு மெசேஜ் போதும். சிதம்பரத்தில் இருந்தபடியே நெட் வழியாக என் திரைக்குள் வந்துவிடுவான். அம்புக்குறி தானாக நகரும். ஏதேதோ திறக்கும், மூடும். இன்றும் எனக்குப் பாதி புரியாது. வசதிதான், இல்லையென்று சொல்லவில்லை...

பசங்க எப்படி இருக்காங்க என்று கேட்கலாமென டைப் செய்ய ஆரம்பிப்பேன்.

அதற்குள் அவன் வேலையை முடித்துவிட்டு வெளியேறியிருப்பான்.